சேர்ந்து உட்காருவதும் சேர்ந்து படிப்பதும்

(வட்டார அளவிலான பணியிடைப் பயிற்சியின் இரண்டாம் நாளில் ஆற்றிய உரை)

மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆறாம் பாடவேளையில் நம் பிள்ளைகள் என்ன பாடுபடுகிறார்கள் என்று இன்று நமக்கும் தெரிந்துவிடும்.

எனக்குத் தந்த தலைப்பு ‘மாணவரிடையே நல்லிணக்கம்’. இந்தத் தலைப்பில் பேசும் தகுதி எனக்கு உண்டா என்று யோசித்தேன். ஒரு தகுதி இருக்கிறது: இதில் நான் நன்றாகத் தோற்றிருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டே மற்றதற்கு வருகிறேன்.

2022-23ஆம் கல்வியாண்டில் நான் ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர். 38 பிள்ளைகள். சுற்றிலும் உள்ள நான்கு ஊர்களிலிருந்து வருகிறவர்கள். அதில் இரண்டு ஊர்களுக்கு ஆகாது. ஏன் ஆகாது என்று பிள்ளைகளைக் கேட்டால் தெரியாது; தாத்தா காலத்தில் கோயில் கொடையில் நடந்த தகராறு என்பார்கள். ஆனால் யார் கையில் என்ன நிறக் கயிறு என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். நானும் அந்தக் கயிறுகளைப் பார்த்தேன். கோயில் கயிறு என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அப்படி நினைத்துக்கொள்ள விரும்பினேன். மதியம் ஒரு கூட்டம் வேப்பமரத்தடியில் சாப்பிடும், இன்னொரு கூட்டம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சாப்பிடும். சண்டை கிடையாது. இதே போன்ற ஒரு பயிற்சியில் எழுந்து நின்று, “எங்கள் பள்ளியில் அந்தப் பிரச்சினையெல்லாம் இல்லை” என்று சொன்னவள் நான்.

அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரம். ஒரு பையன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு பாட்டு வைத்தான். எந்த மாதிரிப் பாட்டு என்று உங்களுக்குத் தெரியும். மறுநாள் மாலை பேருந்து நிறுத்தத்தில் கைகலப்பு. ஒருவனுக்கு முன்கை எலும்பு முறிந்தது. இரவு எட்டு மணிக்கு இரண்டு ஊர்க்காரர்களும் காவல் நிலையத்தின் முன்னால் நின்றார்கள்.

தலைமையாசிரியர் என்னை அழைத்து, “உங்க வகுப்புப் பிள்ளைங்கதானே, வீட்டுக்குப் பேசிப் பாருங்க டீச்சர்” என்றார். எமிஸில் இருந்த எண்களை எடுத்தேன். ஒன்று உபயோகத்தில் இல்லை. இன்னொன்று, பிள்ளையின் விவரங்களைப் பதிந்து கொடுத்த கம்ப்யூட்டர் சென்டர்காரருடைய எண். மூன்றாவது எண்ணை ஒரு தகப்பனார் எடுத்தார். நான் பெயரைச் சொன்னதும், “நீங்க எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

அவர் மகனுக்கு எட்டாம் வகுப்பிலிருந்தே பாடம் எடுக்கிறேன். ஒன்றரை ஆண்டு. அதற்கு முன்னால் ஒரு தடவைகூட அவரிடம் பேசியதில்லை. அவர் கேட்டதில் என்ன தப்பு?

அன்று இரவு ஊர்ப் பெரியவர்கள் சிலர் பேசி அடக்கினார்கள். பள்ளி எதுவும் செய்யவில்லை. செய்ய முடியாத நிலையில் இருந்தோம்.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். பி.எட். படித்தபோது கல்வி உளவியலில் ஏதோ வந்தது, தேர்வோடு போய்விட்டது. இப்போது படித்ததில் என்னைப் பிடித்து நிறுத்திய ஊர் பிவண்டி. மும்பைக்குப் பக்கத்தில் தானே மாவட்டத்தில் உள்ள விசைத்தறி நகரம், நம் குமாரபாளையம், பள்ளிபாளையம் மாதிரி. முஸ்லிம்களும் இந்துக்களும் பெருமளவில் வாழும் ஊர். 1970இல் அங்கே பெரிய கலவரம். 1984இல் மறுபடியும். இரண்டிலும் ஏராளமானவர்கள் இறந்தார்கள்.

1988இல் சுரேஷ் கோபடே என்ற காவல்துறை அதிகாரி அங்கே துணை ஆணையராக வந்தார். அவர் செய்த வேலை, மொஹல்லா கமிட்டிகளை அமைத்தது. பகுதிக்கு ஒன்றாக ஏறத்தாழ 70 குழுக்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு சமூகத்தாரும் சம அளவில் இருந்தார்கள். கலவரம் வந்தால் கூடுகிற குழுக்களாக அவர் இவற்றை வைக்கவில்லை. அப்படிப்பட்ட ‘அமைதிக் குழுக்கள்’ எல்லா ஊரிலும் உண்டு. எல்லாம் முடிந்தபின் கூடி வருத்தம் தெரிவிக்கும். இவர் அமைத்தவை ஒன்றும் நடக்காத நாளிலும் கூடிப் பேசின. தெருவின் சில்லறைத் தகராறு, அன்றாடக் குறைபாடு இவைதான் பேச்சு. அடிக்கடி கூடியதால் இந்தத் தெருக்காரருக்கு அந்தத் தெருக்காரர் பெயர் தெரிந்தது. காவலருக்கு இருவரையும் தெரிந்தது.

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பை எரிந்தது. சுமார் 900 பேர் இறந்ததாக நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்திருக்கிறது. மும்பைக்கு அருகிலேயே இருக்கும் பிவண்டியில், அதுவரை கலவரத்துக்குப் பெயர்போன பிவண்டியில், கலவரம் வரவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு அந்தத் தகப்பனாரின் குரல்தான் கேட்டது. சண்டை வந்த இரவில் நான் நம்பிக்கையைத் தேடினேன். நம்பிக்கை என்பது அந்த இரவில் கிடைக்கும் பொருள் இல்லை. ஜூன் மாதமே சேர்க்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

அஷுதோஷ் வார்ஷ்ணே என்ற அரசியல் அறிஞர் பிவண்டியைப் பற்றியும் எழுதியிருக்கிறார். 2002இல் வெளிவந்த அவருடைய புத்தகம் இந்திய நகரங்களை இரண்டிரண்டாக ஒப்பிடுகிறது. ஒரு ஜோடி, அலிகாரும் நம் பக்கத்துக் கோழிக்கோடும். மக்கள் தொகையில் முஸ்லிம்களின் பங்கு இரண்டு ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அலிகாரில் கலவரங்கள் நடந்திருக்கின்றன. கோழிக்கோடு அமைதியாக இருந்திருக்கிறது. உங்கள் பிள்ளைகள் மற்ற மதத்துப் பிள்ளைகளோடு விளையாடுகிறார்களா என்று கேட்டதற்கு, கோழிக்கோட்டில் சுமார் 90 சதவீதக் குடும்பங்கள் ஆம் என்றன. அலிகாரில் 42 சதவீதம். ஆனால் பக்கத்து வீட்டுப் பழக்கம் மட்டும் பெரிய பதற்றத்தைத் தாங்காது என்பது அவருடைய முடிவு. வணிகர் சங்கம், தொழிற்சங்கம், வாசகசாலை என்று இரண்டு தரப்பாரும் ஒரே வேலையில் ஒருவரையொருவர் நம்பியிருக்கும் அமைப்புகள்தான் தாங்கின என்கிறார். அப்படியென்றால் பழகினால் போதாது, ஒருவருக்கு ஒருவர் தேவைப்பட வேண்டும்.

நம் வகுப்பறையில் ஒருவருக்கு ஒருவர் தேவைப்படுகிறார்களா?

எங்கள் ஊர்த் தகராறுக்கு அடுத்த ஆண்டு, 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. வீடு புகுந்து வெட்டியவர்களும் மாணவர்கள். அதன்பின் நீதியரசர் சந்துரு தலைமையில் அமைந்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்கள் கூடாது, வகுப்பில் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளில் சில. அகரவரிசை மிகவும் சரி. யார் யாரோடு உட்கார்வது என்பதைத் தெரு தீர்மானிக்கக் கூடாது. ஆனால் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பையன்கள் நடுவில் பையை வைத்துக்கொண்டு ஒரு பருவம் முழுவதும் பேசாமலே இருந்தார்கள். இடத்தைப் பகிர்ந்தார்கள், வேறு எதையும் பகிரவில்லை.

இதே அனுபவம் அமெரிக்காவில் நம்மைவிட முன்னால் நடந்தது. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பள்ளி என்பது செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. அது நடைமுறைக்கு வரப் பல ஊர்களில் பல ஆண்டுகள் ஆயின. டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் 1971இல்தான் வெள்ளையர், கறுப்பினத்தவர், மெக்சிக வழியினர் என்று மூன்று தரப்புப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் அடிதடி தொடங்கியது. என்ன செய்யலாம் என்று பள்ளி நிர்வாகம் எலியட் அரான்சன் என்ற உளவியல் பேராசிரியரைக் கேட்டது.

அவர் முதலில் போய் வகுப்பின் பின்னால் உட்கார்ந்து பார்த்தார். ஆசிரியர் கேள்வி கேட்கிறார். ஆறேழு கைகள் உயர்கின்றன. ஒருவன் பதில் சொன்னால் மற்றவர்கள் முகம் வாடுகிறது. அவன் தப்பாகச் சொன்னால் மற்றவர்களுக்குச் சந்தோஷம், தங்களுக்கு வாய்ப்பு வந்ததே என்று. நாம் எல்லாரும் தினமும் நடத்துகிற வகுப்புதான் அது. ஏற்கெனவே ஒருவரையொருவர் பிடிக்காத பிள்ளைகளை இப்படிப்பட்ட வகுப்பில் போட்டால் பிடிக்காமை கூடத்தான் செய்யும்.

அவரும் அவருடைய மாணவர்களும் ஓர் ஐந்தாம் வகுப்பில் முறையை மாற்றினார்கள். அன்றைய பாடம் ஜோசப் புலிட்சர் என்ற பத்திரிகையாளரின் வாழ்க்கை வரலாறு. அதை ஆறு பத்திகளாக எழுதி, ஆறு பேர் கொண்ட குழுவில் ஆளுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். முழு வரலாறு யார் கையிலும் இல்லை. ஒருவர் பத்தியை ஒருவர் சொல்லித்தான் கேட்க வேண்டும். கடைசியில் தேர்வு, ஆறு பத்திகளிலிருந்தும். ஜிக்சா என்ற படத்துண்டு விளையாட்டில் ஒரு துண்டு குறைந்தாலும் படம் முழுமையாகாது. அதனால் அந்தப் பெயரையே இதற்கு வைத்தார்கள்.

ஒரு குழுவில் மெக்சிக வழிப் பையன் ஒருவன் இருந்தான். அவனைக் கார்லோஸ் என்று குறிப்பிடுகிறார்கள். ஆங்கிலம் அவன் தாய்மொழி இல்லை. தன் பத்தியைச் சொல்லத் தடுமாறினான். மற்றவர்கள் கேலி செய்தார்கள். அங்கிருந்த உதவியாளர் அவர்களைத் திட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. இன்னும் சற்று நேரத்தில் தேர்வு இருக்கிறது, இவன் பத்தியில் உள்ளது இவனிடமிருந்துதான் உங்களுக்குக் கிடைக்கும் என்பதை மட்டும் நினைவுபடுத்தினார். சில நாளில் பிள்ளைகள் அவனிடம் கேள்வி கேட்டு விஷயத்தை வாங்கக் கற்றுக்கொண்டார்கள். கேட்கக் கேட்க அவன் பேசத் தொடங்கினான். இவன் நாம் நினைத்த மாதிரி மந்தம் இல்லையே என்று அவர்களுக்குத் தோன்றியது. பிறகு செய்த ஆய்வுகளில், இந்த முறையில் படித்த பிள்ளைகள் தங்கள் குழுவினரை இனம் கடந்து அதிகம் விரும்பினார்கள் என்று தெரிந்தது. கறுப்பின, மெக்சிக வழிப் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது. வெள்ளையினப் பிள்ளைகளின் மதிப்பெண் குறையவில்லை. ‘நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு நஷ்டம் வராதா?’ என்று இப்போது உங்களில் சிலர் நினைத்திருப்பீர்கள். அதனால்தான் கடைசி வரியையும் சொன்னேன்.

2023 ஜூனில் வந்த புதிய ஒன்பதாம் வகுப்பில் இதை நான் செய்து பார்த்தேன். அதே ஊர்கள்; முந்தைய வகுப்புப் பிள்ளைகளின் தம்பிகள், தங்கைகள். எடுத்த பாடம் வளிமண்டலம். அடுக்குகள் ஐந்து, குழுவுக்கு ஐந்து பேர். கீழடுக்கு, மீள் அடுக்கு, இடையடுக்கு, வெப்ப அடுக்கு, வெளியடுக்கு, ஆளுக்கு ஒன்று. இதற்கென்றே அமைந்த பாடம் போல இருந்தது.

முதல் நாள் சொதப்பியது. நன்றாகப் படிக்கிற ஒருவன் எழுந்து, “டீச்சர், இவன் சொல்றத நம்பி எழுதுனா என் மார்க் போயிரும், புக்க வச்சே படிச்சிக்கிறேன்” என்றான். இன்னொரு குழுவில் இடையடுக்கு வைத்திருந்த பையனால் சீட்டை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க முடிந்தது. ஒன்பதாம் வகுப்பில் எழுத்துக்கூட்டுகிற பிள்ளை எல்லார் வகுப்பிலும் இருக்கிறான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு குழுவில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நடுவில் இருந்த பெண் வழியாகப் பேசினார்கள். “அவன்ட்ட கேளு, ஓசோன் எங்க இருக்குன்னு.” அந்தப் பெண் இருவருக்கும் தூது போனாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். தூது வழியாகவாவது ஓசோன் போய்ச் சேர்ந்தது.

நான் விட்ட தவறு எது என்று பிறகு தெரிந்தது. சீட்டைக் கொடுத்ததும் சொல்லச் சொல்லிவிட்டேன். நடுவில் ஒரு படி உண்டு. எல்லாக் குழுக்களிலும் இடையடுக்கு வைத்திருப்பவர்கள் முதலில் தனியாகக் கூட வேண்டும். சேர்ந்து வாசித்து, எரிகற்கள் ஏன் அங்கே எரிந்து சாம்பலாகின்றன என்று புரிந்துகொண்டு, எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தபின்தான் தன் குழுவுக்குத் திரும்ப வேண்டும். இந்தப் படியை வைத்தபின் எழுத்துக்கூட்டிய பையன் வாசிக்காமலே சொன்னான். கையால் வானத்திலிருந்து கல் விழுவதைக் காட்டிச் சொன்னான். வரப்பில் படுத்து வால்நட்சத்திரம் பார்த்த கதையையும் சேர்த்தான். அது வால்நட்சத்திரம் இல்லை, எரிகல் என்பதை அந்த ‘மார்க் போயிரும்’ பையன்தான் விளக்கினான். இருவரும் வேறு வேறு கயிறு.

வாரத்துக்கு இரண்டு பாடவேளைதான் இதற்கு ஒதுக்கினேன். பாடத்திட்டம் முடியாது என்ற பயம் எனக்கும் இருந்தது, முடிந்தது. குழுவை நானே பிரித்தேன், நண்பர்களைச் சேர்க்கவில்லை, ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினேன். ஒரு பிள்ளை வராத நாளில் அந்தத் துண்டை இரண்டு பேருக்குப் பங்கிட்டேன். முக்கியமானது, இது நல்லிணக்கத்துக்காக என்று ஒருநாளும் சொல்லவில்லை. சொன்ன நிமிடமே பிள்ளைகள் உஷாராகிவிடுவார்கள். அது அவர்களுக்கு வளிமண்டலம், அவ்வளவுதான். இப்போது ஒடிசா, பீகார் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலிருந்தும் இங்கே வந்திருக்கிறீர்கள். கார்லோஸ் உங்கள் வகுப்பிலேயே இருக்கிறான்.

கூச்சமாக இருந்தாலும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இலேயே எழுதிவைத்திருக்கிறார். வேறு வேறு தரப்பினர் சந்தித்தால் மட்டும் வெறுப்பு குறையாது. சந்திப்பில் இருவரும் சமநிலையில் இருக்க வேண்டும், பொது நோக்கம் வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவு வேண்டும். நடுவில் உள்ள இரண்டையும் ஜிக்சா தந்துவிடும். முதலும் கடைசியும் நம் கையில். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? உதவித்தொகைப் படிவம் வரும்போதெல்லாம், வகுப்பின் நடுவில் நின்று பிரிவின் பெயரைச் சொல்லி, “அந்தப் பிள்ளைங்க மட்டும் எழுந்திரிங்க” என்பேன். 18 வருடம் அப்படித்தான் செய்தேன். கெட்ட எண்ணம் இல்லை, வேலை சீக்கிரம் முடியும். ஒருநாள் எழுந்து நின்ற ஒரு பெண் தலை நிமிராமல் மேசையில் நகத்தால் கீறிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வெப்ப அடுக்கைப் பற்றி அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுத்தவள் அவள். இரண்டு பாடவேளையில் நான் கட்டியதை இரண்டு நிமிடத்தில் நானே இடித்துக்கொண்டிருந்தேன். இப்போது படிவத்தை உறையில் போட்டுத் தனியாகக் கொடுக்கிறேன். கூடுதலாக ஒரு நாள் ஆகிறது. ஆசிரியர் அறையில் “அந்தப் பையன் யாரு, நம்மாளா?” என்று நாம் கேட்பதும் சன்னல் வழியே வெளியே கேட்கும். அதை நான் விரிக்கவில்லை.

பெற்றோர் எண்களையும் சரிசெய்தேன். ஒரு நோட்டு போட்டு, வாரத்துக்கு ஐந்து வீடு. விதி ஒன்றுதான்: புகார் சொல்ல அழைக்கக் கூடாது. முதல் அழைப்பில் ஓர் அம்மா பதறிப்போனார். “என்ன டீச்சர், என்ன பண்ணிட்டான்?” “ஒண்ணும் பண்ணலம்மா, இன்னைக்கு எரிகல்லப் பத்தி நல்லா சொன்னான், அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.” கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “இதுக்காகவா கூப்பிட்டீங்க?” என்றார். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். பெரிதாகச் சொல்ல மாட்டேன். கயிறுகள் சிலர் கையிலிருந்து இறங்கின, சிலர் முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டார்கள். முகம் திருப்பிய அந்த இருவர் இன்றும் நண்பர்கள் இல்லை. ஆனால் ஒன்று நடந்தது. அந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு போனபின், ஆடி மாதக் கொடையின்போது, ஓர் ஊர்ப் பையனை மற்ற ஊர்க்காரர்கள் அடித்துவிட்டார்கள் என்று இரவு ஒன்பது மணிக்குச் செய்தி பரவியது. சிலர் கிளம்பவும் தயாராகிவிட்டார்கள். அப்போது எனக்கு ஓர் அழைப்பு வந்தது. அந்த ‘மார்க் போயிரும்’ பையன். “டீச்சர், அது பொய். நான் அவனுக்கே போன் போட்டுட்டேன். வண்டில இருந்து விழுந்திருக்கான், முழங்கால்ல அடி, வீட்டுலதான் இருக்கான். அவங்க அப்பாட்ட நீங்க ஒரு வார்த்தை பேசுங்க, பெரியவங்க சொன்னாத்தான் எங்க ஊர்ல நம்புவாங்க.” நோட்டில் எண் இருந்தது. அழைத்தேன். இந்தத் தடவை அவர் நான் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. “சொல்லுங்க டீச்சர்” என்றார். அவரே தன் ஊர்க்காரர் இரண்டு பேரிடமும் மற்ற ஊரில் ஒருவரிடமும் பேசினார். பத்தரை மணிக்கு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஜிக்சாவால்தான் நடந்தது என்று நான் நிரூபிக்க முடியாது. அவன் கைப்பேசியில் இவன் எண் இருந்தது, அதற்குமுன் இருந்ததில்லை. அவ்வளவு மட்டும் எனக்குத் தெரியும்.

நேரம் ஆகிவிட்டது. கேட்டுக்கொண்டே இருந்தால் உண்மையிலேயே தூக்கம் வந்துவிடும். இந்தப் பெட்டியில் ஏழாம் வகுப்பு அறிவியல் பாடம் ஒன்றை ஐந்து துண்டுகளாக வெட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று முதல் ஐந்து வரை எண் சொல்லுங்கள். ஒரே பள்ளிக்காரர்கள் ஒரே குழுவில் வேண்டாம். தமிழாசிரியர்கள் எல்லாரும் சன்னலோரம் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், நீங்களும் எழுந்திருக்க வேண்டும். அறிவியல் ஆசிரியர்கள் பத்து நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது, உங்களுக்குச் சொல்லித்தரப்போவது மற்றவர்கள். ஐயா, உங்களிலிருந்து தொடங்கலாம். ஒன்று.